ஏதென்சின் மண்பிறப்புத் தொன்மமும் அக்ரோபோலிஸ் கோயிற் சிற்பங்களும்

மண்பிறப்புத் தொன்மம் என்பது, தம் முன்னோர் வேறு எங்கிருந்தும் வந்து குடியேறியவர்கள் அல்லர், தாம் வாழும் அத்திக்கா நாட்டு மண்ணிலிருந்தே தோன்றியவர்கள் எனப் பண்டைய ஏதென்ஸ் மக்கள் கொண்டிருந்த நம்பிக்கையைக் குறிக்கும். இவ்வாறு தோன்றியவர்களைக் கிரேக்கர் 'அவுட்டோக்தோன்' என அழைத்தனர். 'அதே' அல்லது 'தானே' எனப் பொருள்படும் 'அவுட்டோஸ்' என்ற சொல்லும், 'நிலம்' எனப் பொருள்படும் 'க்தோன்' என்ற சொல்லும் சேர்ந்து இச்சொல் உருவானது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் இந்நம்பிக்கை கோயிற் சிற்பங்கள், நாடகங்கள், போரில் இறந்தோருக்கான இரங்கல் உரைகள் ஆகியவற்றில் பரவலாக இடம்பெற்றது. அதே காலத்தில், ஏதென்ஸ் நகர அரசின் குடிமகன் யார், குடிமகன் அல்லாதவன் யார் என்ற கேள்வியுடனும் இது நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது.

தொன்மக் கதை

ஏதென்சின் முதல் அரசன் கெக்ரோப்ஸ் ஆவான். இவன் இடுப்புக்கு மேல் மனித உருவமும் கீழே பாம்பு உருவமும் கொண்டவன். பாம்பு நிலத்தின் வளைகளில் வாழ்வதால், கிரேக்கர் அதனை மண்ணில் பிறந்தோரின் அடையாளமாகக் கொண்டனர். இவனது ஆட்சியிலேயே அத்திக்கா நாடு யாருக்கு உரியது என்பதில் ஏதெனா தெய்வத்துக்கும் கடற்கடவுள் பொசைடனுக்கும் போட்டி எழுந்தது. பொசைடன் தனது முச்சூலத்தால் பாறையைக் குத்தி உப்புநீர் ஊற்றை வரவழைத்தான். ஏதெனா ஆலிவ் மரம் ஒன்றை முளைக்கச் செய்தாள். ஏதெனாவே வென்றாள், நகரமும் அவள் பெயரைப் பெற்றது.

அடுத்த கதை எரிக்தோனியசின் பிறப்பைப் பற்றியது. கொல்லர்களின் கடவுளான ஹெபைஸ்டோஸ் ஏதெனாவை அடைய முயன்றான். கன்னித் தெய்வமான அவள் அவனைத் தள்ளிவிட்டாள். தன் காலில் விழுந்த அவனது விந்தைக் கம்பளியால் துடைத்து நிலத்தில் எறிந்தாள். அதிலிருந்து நிலத்தாயான காயா ஓர் ஆண் குழந்தையை ஈன்று ஏதெனாவின் கைகளில் கொடுத்தாள். அவ்வாறு பிறந்தவனே எரிக்தோனியஸ். கம்பளியைக் குறிக்கும் 'எரியோன்' என்ற சொல்லையும் நிலத்தைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து இப்பெயருக்குப் பொருள் கூறுவர். இது பிற்காலத்தில் கற்பிக்கப்பட்ட சொற்பிறப்பு எனலாம். ஏதெனா குழந்தையை ஒரு கூடையில் வைத்து மூடி, திறக்கக்கூடாது என்று கூறி, கெக்ரோப்சின் மகள்களிடம் ஒப்படைத்தாள். தடையை மீறித் திறந்தவர்கள் உள்ளே பாம்பைக் கண்டு அஞ்சி, அக்ரோபோலிஸ் குன்றிலிருந்து குதித்து இறந்தனர் என்பது கதை.

ஹோமரின் இலியட் காவியத்தின் இரண்டாம் பகுதியில், நிலம் ஈன்று ஏதெனா வளர்த்தவன் என எரெக்தியஸ் குறிப்பிடப்படுகிறான். எரிக்தோனியஸ், எரெக்தியஸ் ஆகிய இருவரும் தொடக்கத்தில் ஒருவராகவே இருந்து, பின்னர் பாட்டன், பேரன் எனப் பிரிக்கப்பட்டிருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. மேலும், 'அவுட்டோக்தோன்' என்ற சொல் முதலில் 'எப்போதும் அதே நிலத்தில் வாழ்வோர்' என்ற பொருளை மட்டுமே கொண்டிருந்தது என்றும், 'நிலத்திலிருந்து பிறந்தோர்' என்ற பொருள் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அதனுடன் கலந்தது என்றும் சிலர் வாதிடுகின்றனர். இக்கருத்து சரியெனில், மிகப் பழைய மரபு போலத் தோன்றும் இந்நம்பிக்கை, ஏதென்சின் அரசியல் வலிமை பெருகிய காலத்தில்தான் முழு வடிவம் பெற்றது எனக் கொள்ள வேண்டும்.

பிற நகரங்களின் தோற்றக் கதைகள்

தோற்றக் கதையைக் கோயிலில் செதுக்கும் வழக்கம் ஏதென்சுக்கு மட்டும் உரியது அன்று. ஒலிம்பியாவில் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கட்டப்பட்ட சியுஸ் கோயிலின் கிழக்கு முகப்பில், பெலோப்ஸ் மன்னன் ஒயினோமாவோசுடன் தேர்ப்போட்டிக்கு ஆயத்தமாகும் காட்சி இடம்பெற்றது. பெலோப்பொன்னேசுப் பகுதிக்குப் பெயர் தந்தவன் இந்தப் பெலோப்சே. ஏஜினா தீவின் அபயா கோயிலில், அத்தீவின் வீரர் குலமான அயாக்கசின் வழித்தோன்றல்கள் துரோயாவில் போரிடும் காட்சிகள் அமைக்கப்பட்டன. மிகப் பிற்காலத்தில், கி.மு. 2ஆம் நூற்றாண்டில், பெர்காமோன் அரசர்கள் தங்கள் பெரிய பலிபீடத்தில் தெலெபோசின் வாழ்க்கையைத் தொடர்ச்சியான சிற்பக் கதையாகச் செதுக்கி, அவனைத் தம் நாட்டின் மூதாதையாகக் காட்டினர்.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பெரும்பாலான கிரேக்க நகரங்களின் கதைகளில் மூதாதை வெளியிலிருந்து வருகிறான். பெலோப்ஸ் ஆசியாவிலிருந்து வந்தவன். தேப்சை நிறுவிய கட்மோஸ் பினீசியாவைச் சேர்ந்தவன். ஸ்பார்ட்டாவினரும் தம் முன்னோர் வடக்கிலிருந்து வந்து நாட்டைக் கைப்பற்றியதாகவே கூறினர். கட்மோஸ் விதைத்த நாகப் பற்களிலிருந்து முளைத்த வீரர்களைப் பற்றிய கதை தேப்சில் இருந்தது உண்மையே. ஆனால் அங்கும் விதைத்தவன் அயலான். இந்த வேறுபாட்டை ஏதென்ஸ் மக்கள் நன்கு பயன்படுத்திக் கொண்டனர். பிளேட்டோவின் மெனெக்செனோஸ் என்ற நூலில் வரும் இரங்கல் உரை, பெலோப்ஸ், கட்மோஸ் போன்றோரின் வழிவந்தவர்கள் பெயரளவிலேயே கிரேக்கர், கலப்பற்ற கிரேக்கர் நாமே என்ற அளவுக்குச் செல்கிறது. அந்த உரை கேலியாக எழுதப்பட்டதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதே பிளேட்டோ தமது குடியரசு நூலில், குடிமக்கள் மண்ணுக்குள் உருவானவர்கள் என்பதை, நகரின் ஒற்றுமைக்காகச் சொல்லப்பட வேண்டிய ஒரு பொய்யாகவே முன்வைக்கிறார்.

குடியுரிமைச் சட்டம்

கி.மு. 508/507 இல் கிளெய்ஸ்தெனீஸ் குடிமக்களைப் பத்துக் குலங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு வீரனின் பெயர் இடப்பட்டது. கெக்ரோப்ஸ், எரெக்தியஸ் ஆகியோரின் பெயர்களும் அவற்றுள் அடங்கும். படையில் சேர்வதும் ஆட்சிக் குழுவில் இடம்பெறுவதும் இக்குலங்களின் வழியாகவே நடந்தன. எனவே ஒரு சாதாரண உழவனுக்கும் தொன்ம அரசனின் பெயர் அன்றாட நிர்வாகத்தின் ஒரு பகுதியாக இருந்தது. பத்துப் பேரில் அயாக்ஸ் மட்டும் அயலான் என்பதை ஹெரோடோட்டஸ் தனியாகக் குறிப்பிடுகிறார்.

கி.மு. 451/450 இல் பெரிக்கிளீஸ் கொண்டுவந்த சட்டம், தாய், தந்தை இருவரும் ஏதென்ஸ் குடிகளாக இருந்தால் மட்டுமே மகன் குடிமகன் ஆவான் என விதித்தது. அதற்கு முன் தந்தை குடிமகனாக இருந்தாலே போதுமானதாக இருந்தது. சில ஆண்டுகளின் பின் எகிப்திலிருந்து ஓர் அரசன் 40,000 அளவை தானியத்தைக் கொடையாக அனுப்பியபோது, அதைப் பெறத் தகுதியுடையோர் யார் என்று பதிவுகள் ஆராயப்பட்டன. ஏறத்தாழ 5,000 பேர் தகுதியற்றோர் எனத் தீர்க்கப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்டனர் என்று புளூட்டார்க் எழுதுகிறார். இவ்வெண்ணிக்கை மிகையானது என்று பல ஆய்வாளர்கள் கருதினாலும், இத்தகைய ஆய்வு நடந்ததைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர். இது நடந்ததாகக் கூறப்படும் கி.மு. 445/444 இல், அக்ரோபோலிசில் பார்த்தெனன் கோயில் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

இச்சட்டம் அதை இயற்றியவரையே பின்னர் பாதித்தது. கொள்ளை நோயில் தம் இரு மகன்களையும் இழந்த பெரிக்கிளீஸ், மிலேட்டஸ் நகரத்தவளான அஸ்பாசியாவிடம் தமக்குப் பிறந்த மகனுக்குக் குடியுரிமை அளிக்குமாறு மக்களை வேண்டினார். மக்கள் இசைந்தனர். இளைய பெரிக்கிளீஸ் என அறியப்படும் அம்மகன் பின்னர் படைத்தலைவர்களுள் ஒருவராகி, ஆர்கினுசாய் கடற்போருக்குப் பின் கி.மு. 406 இல் மரண தண்டனைக்கு உள்ளானார்.

பார்த்தெனன் கோயில்

பார்த்தெனன் கி.மு. 447 இல் தொடங்கப்பட்டது. உள்ளிருந்த ஏதெனா சிலை கி.மு. 438 இல் நிறுவப்பட்டது. சிற்ப வேலைகள் கி.மு. 432 இல் முடிவுற்றன. கட்டடக் கலைஞர்கள் இக்தினோஸ், கல்லிக்ராத்தீஸ் ஆகியோர். சிற்பி ஃபீடியாஸ் பொது மேற்பார்வையாளராக இருந்தார். கி.மு. 480 இல் பாரசீகர் அக்ரோபோலிசை எரித்தபோது அழிந்த பழைய கட்டடத்தின் இடத்திலேயே இது எழுப்பப்பட்டது.

மேற்கு முகப்பு

குன்றின் நுழைவாயில் மேற்கே இருப்பதால், ஏறி வருபவர் முதலில் காண்பது கோயிலின் பின்புறமான மேற்கு முகப்பையே. அங்கு, கூரைக்குக் கீழுள்ள முக்கோணப் பரப்பில், ஏதெனாவும் பொசைடனும் நாட்டுக்காகப் போட்டியிடும் காட்சி அமைக்கப்பட்டது. நடுவில் இரு தெய்வங்களும் எதிரெதிர்த் திசைகளில் பாய்கின்றனர். இருபுறமும் தேர்க் குதிரைகள் திமிறி எழுகின்றன. அவற்றுக்கு அப்பால் அத்திக்காவின் பழைய அரச குடும்பத்தினர் சாட்சிகளாக அமர்ந்துள்ளனர். இடப்புறத்தில், பாம்புச் சுருளின் மேல் ஊன்றி அமர்ந்துள்ள முதியவரும் அவரது தோளைப் பற்றியுள்ள பெண்ணும் கெக்ரோப்சும் அவரது மகளும் எனப் பொதுவாக அடையாளம் காணப்படுகின்றனர். மூலைகளில் சாய்ந்து கிடக்கும் உருவங்கள் அத்திக்காவின் ஆறுகளைக் குறிப்பதாகக் கருதப்படுகிறது.

ஏதெனாவும் கெக்ரோப்சும் உள்ள இடப்புறம் வடக்குத் திசையாகும். கதை கூறும் ஆலிவ் மரமும் உப்புநீர் ஊற்றும் அக்ரோபோலிசின் வடபகுதியிலேயே இருந்தன. அதாவது சிற்பத்தில் கண்ட நிகழ்ச்சியின் சான்றுகளைப் பார்வையாளர் சில அடிகள் நடந்து சென்று நேரிலேயே காண முடிந்தது. பாரசீகர் வைத்த தீயில் இம்மரம் எரிந்தது என்றும், மறுநாள் அடிமரத்திலிருந்து ஒரு முழ நீளத்துக்குத் துளிர் விட்டிருந்தது என்றும் ஹெரோடோட்டஸ் குறிப்பிடுகிறார். நகரை இழந்து திரும்பிய மக்களுக்கு இம்மரம் எத்தகைய பொருளைத் தந்திருக்கும் என்பதை இக்குறிப்பிலிருந்து ஊகிக்கலாம்.

கிழக்கு முகப்பும் மெட்டோப்புகளும்

கிழக்கு முகப்பில் சியுசின் தலையிலிருந்து ஏதெனா பிறக்கும் காட்சி இருந்தது. இதன் நடுப்பகுதி முற்றிலும் அழிந்துவிட்டது. இரு முகப்புகளின் பொருளும் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த பயணி பௌசானியசின் சுருக்கமான ஒரு குறிப்பால் தெரிய வருகிறது.

தூண்களுக்கு மேல் சுற்றிலும் 'மெட்டோப்பு' எனப்படும் சதுரச் சிற்பப் பலகைகள் 92 இருந்தன. கிழக்கே தெய்வங்களுக்கும் காயாவின் மக்களான அரக்கர்களுக்கும் நடந்த போர், மேற்கே அமேசான் பெண்களுடனான போர், வடக்கே துரோயாவின் வீழ்ச்சி, தெற்கே மனிதக் குதிரைகளான கெண்டாவர்களுடனான போர் ஆகியவை செதுக்கப்பட்டன. அமேசான்கள் கிழக்கிலிருந்து வந்து அக்ரோபோலிசையே தாக்கியவர்கள் என்பது கதை; எனவே இது பாரசீகப் படையெடுப்பை நினைவூட்டியது என்பர். இங்கு ஒரு முரண் உண்டு. தெய்வங்களால் வீழ்த்தப்படும் அரக்கர்களும் மண்ணில் பிறந்தவர்களே. மண்பிறப்பு தன்னளவில் பெருமையானது அன்று, ஏதெனாவின் வளர்ப்பே எரிக்தோனியசை நாகரிக மனிதனாக்கியது என்று இதற்கு விளக்கம் தருவர்.

ஏதெனா சிலை

கோயிலின் உள்ளே பொன்னாலும் தந்தத்தாலும் ஆன, ஏறத்தாழ 12 மீட்டர் உயரமான ஏதெனா சிலை நின்றது. இன்று அது இல்லை. சிறிய பிரதிகளும் எழுத்துக் குறிப்புகளுமே உள்ளன. சிலையின் கேடயத்தின் அருகே ஒரு பாம்பு இருந்தது. அது எரிக்தோனியசாக இருக்கலாம் என்கிறார் பௌசானியஸ். பீடத்தில், மண்ணால் செய்யப்பட்ட முதல் பெண்ணான பண்டோராவின் பிறப்பு செதுக்கப்பட்டிருந்தது.

மண்ணிலிருந்து எரிக்தோனியசைக் காயா ஏதெனாவிடம் நீட்டும் காட்சி குவளை ஓவியங்களில் தெளிவாக வரையப்பட்டுள்ளது. ஆனால் பார்த்தெனனில் உறுதியாக அடையாளம் காணத்தக்க வகையில் அது எங்கும் இல்லை. பாம்பு, கெக்ரோப்ஸ், பண்டோரா என்று சுற்றிவளைத்தே அக்கோயில் அக்கதையைத் தொடுகிறது. நகரின் அங்காடி வெளியான அகோராவுக்கு மேலுள்ள ஹெபைஸ்டோஸ் கோயிலில்தான் தொடர்பு வெளிப்படையாக இருந்தது. அங்கு ஹெபைஸ்டோசின் அருகில் ஏதெனாவின் சிலை நின்றதில் தமக்கு வியப்பில்லை என்றும், எரிக்தோனியசின் கதை தமக்குத் தெரியும் என்றும் பௌசானியஸ் எழுதுகிறார்.

சிற்பப் பட்டை பற்றிய விவாதம்

கோயிலின் உட்சுவர்களின் மேற்பகுதியைச் சுற்றி, ஏறத்தாழ 160 மீட்டர் நீளமும் 1 மீட்டர் உயரமும் கொண்ட சிற்பப் பட்டை ஓடியது. குதிரை வீரர்கள், தேர்கள், பலிக்குரிய விலங்குகள், நீர்க்குடம் சுமப்போர், பெண்கள் எனப் பெரும் ஊர்வலம் ஒன்று மேற்கில் தொடங்கிக் கிழக்கே அமர்ந்துள்ள தெய்வங்களை நோக்கிச் செல்கிறது. இது ஏதெனாவுக்குப் புதிய ஆடை அளிக்கும் பனதினாயா விழா ஊர்வலம் என்பது 18ஆம் நூற்றாண்டு முதல் நிலவும் கருத்து. இவ்விழாவைத் தொடக்கியவன் எரிக்தோனியஸ் என்பது மரபு.

கிழக்குப் பக்கத்தின் நடுவில் ஐந்து பேர் நிற்கின்றனர். ஓர் ஆணும் ஒரு சிறுவரும் மடித்த துணியைக் கையாளுகின்றனர். ஒரு பெண்ணும் இரு இளம்பெண்களும் அருகே உள்ளனர். 1996 இல் அமெரிக்கத் தொல்லியலாளர் ஜோன் பிரெட்டன் கான்னலி இதற்கு வேறு விளக்கம் தந்தார். அவரது கருத்துப்படி இவர்கள் எரெக்தியஸ், அவனது மனைவி பிராக்சிதேயா, மூன்று மகள்கள் ஆகியோர்; துணி என்பது பலியாகவிருக்கும் இளைய மகளுக்கான கோடித்துணி. பொசைடனின் மகன் யூமொல்போஸ் படையெடுத்து வந்தபோது, ஒரு மகளைப் பலியிட்டால் நகரம் பிழைக்கும் என்று அருள்வாக்கு கூறியதாகக் கதை உண்டு. யூரிப்பிடீசின் எரெக்தியஸ் நாடகம் இதைப் பற்றியதே. அந்நாடகம் முழுமையாகக் கிடைக்கவில்லை. மகளைப் பலியிட இசையும் தாயின் நீண்ட பேச்சை லைக்கர்கஸ் என்ற பேச்சாளர் கி.மு. 330 இல் நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டியதால் அது எஞ்சியது. எகிப்திய மம்மி உறையில் ஒட்டியிருந்த தாளிலிருந்து மேலும் சில பகுதிகள் மீட்கப்பட்டு 1967 இல் வெளியிடப்பட்டன. தாயின் பேச்சில், அயலிலிருந்து வந்து குடியேறியோர் அல்லர் நம் மக்கள் என்பதே முதன்மையான வாதங்களுள் ஒன்று.

கான்னலியின் விளக்கத்தைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. துணியைப் பிடித்திருப்பது சிறுவனா சிறுமியா என்பதே இன்னும் முடிவாகவில்லை. ஊர்வலத்தின் எஞ்சிய பகுதியை அரசர் காலக் கதையுடன் பொருத்துவதும் கடினம். ஆயினும், கிரேக்கக் கோயில்களில் தெய்வ, வீரர் கதைகளே செதுக்கப்பட்டன, சமகால மக்களைச் செதுக்குவது வழக்கமில்லை என்று அவர் எழுப்பிய கேள்வி நியாயமானதே.

எரெக்தியோன்

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில், பெலோப்பொன்னேசுப் போர்க் காலத்தில், அக்ரோபோலிசின் வடபகுதியில் எரெக்தியோன் கோயில் கட்டப்பட்டது. தூண்களுக்குப் பதிலாகக் கூரையைத் தாங்கும் ஆறு பெண் சிலைகளால் இது இன்று பெரிதும் அறியப்படுகிறது. சூலம் குத்திய தடம், உப்புநீர் ஊற்று, ஆலிவ் மரம் ஆகியன இக்கோயிலிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பேணப்பட்டன. தோற்ற பொசைடனும் இங்கு எரெக்தியசுடன் இணைத்து வழிபடப்பட்டான்.

இதன் கட்டுமானக் கணக்குகள் கல்வெட்டுகளாகக் கிடைத்துள்ளன. நிலை அறியப்பட்ட 86 தொழிலாளருள் 24 பேர் குடிமக்கள், 42 பேர் மெட்டிக்குகள், 20 பேர் அடிமைகள். மெட்டிக்கு என்பது ஏதென்சில் நிலையாக வாழ்ந்த, ஆனால் குடியுரிமை இல்லாத அயலவரைக் குறிக்கும். இவர்களுள் ஆண்கள் ஆண்டுக்கு 12 டிராக்மா வரி செலுத்தினர். சிறப்பு அனுமதியின்றி நிலமோ வீடோ வாங்க இயலாது. ஆனால் கோயில் வேலையில் நாட்கூலி மூவகையினருக்கும் ஒன்றாகவே இருந்தது.

கல்வெட்டு ஒவ்வொரு சிற்பிக்கும் அளித்த தொகையைக் கூறுகிறது. ஓர் உருவத்துக்கு 60 டிராக்மா என்பது வழக்கமான கூலி. கெபிசியாவைச் சேர்ந்த பிரோமாக்கோஸ் என்பவர் ஊர்ப்பெயருடன் குறிக்கப்படுகிறார், அவர் குடிமகன். குதிரையையும் அதன் பின்னே நின்று அதை அடிக்கும் மனிதனையும் செதுக்கி 120 டிராக்மா பெற்ற பிராக்சியாஸ் என்பவரோ 'மெலிட்டேயில் குடியிருப்பவர்' எனக் குறிக்கப்படுகிறார். 'சேர்ந்தவர்', 'குடியிருப்பவர்' என்ற இந்த வேறுபாடே குடிமகனையும் மெட்டிக்கையும் பிரித்தது. மண்ணில் பிறந்த அரசனுக்கான கோயிலைக் கட்டியவர்களுள், அறியப்பட்ட அளவில், ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் அம்மண்ணில் ஒரு துண்டும் வாங்க முடியாதவர்கள்.

பெண்களின் நிலை

மண்ணிலிருந்து ஆண் பிறந்தால் தாய் தேவையில்லை. இத்தொன்மம் பெண்களை நகரின் தோற்றத்திலிருந்தே நீக்கிவிடுகிறது என்பதைப் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் நிக்கோல் லோரோ 1981 இல் வெளியிட்ட 'ஏதெனாவின் குழந்தைகள்' என்ற நூலில் விரிவாக ஆராய்ந்தார். ஏதெனாவுக்கே தாய் இல்லை என்பதும் இதனுடன் சேர்த்துக் கருதத்தக்கது.

உரோம அறிஞர் வர்ரோ கூறியதாகப் புனித அகஸ்டீன் தரும் கதையில், தெய்வங்களின் போட்டி வாக்கெடுப்பால் முடிவு செய்யப்படுகிறது. பெண்கள் ஒருவர் கூடுதலாக இருந்ததால் ஏதெனா வென்றாள். பொசைடனின் சினத்தைத் தணிக்கப் பெண்களுக்கு மூன்று தண்டனைகள் விதிக்கப்பட்டன: இனி அவர்களுக்கு வாக்கு இல்லை; பிள்ளைகள் தாயின் பெயரைப் பெறக்கூடாது; அவர்களை ஏதென்ஸ் குடிகள் என்று அழைக்கக்கூடாது. மறுபுறம், கி.மு. 451/450 சட்டத்தால் மகனின் குடியுரிமை தாயின் பிறப்பையும் சார்ந்திருந்தது. யூரிப்பிடீசின் அயோன் நாடகம் இச்சிக்கலையே கதையாகக் கொண்டது. அதில் எரெக்தியசின் மகள் கிரெயூசா, அப்பொல்லோவால் வன்புணரப்பட்டுப் பெற்ற குழந்தையைக் கூடையில் வைத்துக் கைவிடுகிறாள். வளர்ந்தபின், தான் அயலான் என்று எண்ணும் மகன் ஏதென்சுக்குச் செல்ல அஞ்சுகிறான்.

சிற்பங்களின் பிற்கால நிலை

பார்த்தெனன் பின்னர் கிறித்தவ ஆலயமாகவும் பள்ளிவாசலாகவும் மாற்றப்பட்டது. கிறித்தவர் காலத்தில் கிழக்கு, வடக்கு, மேற்கு மெட்டோப்புகள் பல சிதைக்கப்பட்டன. 1674 இல், ஜாக் கேரி வரைந்ததாகக் கருதப்படும் ஓவியங்கள் அப்போது எஞ்சியிருந்த சிற்பங்களைப் பதிவு செய்தன. 1687 இல் வெனிசுப் படையின் குண்டு உள்ளே இருந்த வெடிமருந்தில் வீழ்ந்து கட்டடத்தைப் பிளந்தது. அதன்பின் வெனிசுத் தளபதி மொரோசினி மேற்கு முகப்பின் குதிரைகளை இறக்க முயன்றபோது அவை விழுந்து நொறுங்கின. எனவே அம்முகப்பைப் பற்றி இன்று அறியப்படுவதில் பெரும்பகுதி 1674 ஓவியங்களாலேயே கிடைத்தது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் பல சிற்பங்களைக் கழற்றிச் சென்றனர். 1816 இல் அவை பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு வாங்கப்பட்டன. கிரேக்க அரசு அவற்றைத் திருப்பிக் கேட்டு வருகிறது. 2009 இல் ஏதென்சில் புதிய அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வத்திக்கான் தன்னிடம் இருந்த மூன்று துண்டுகளை 2023 இல் ஏதென்சுக்கு அளித்தது. மேற்கு முகப்புப் பொசைடனின் உடற்பகுதி இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி இலண்டனிலும் மற்றது ஏதென்சிலும் உள்ளது. கெக்ரோப்சும் அவரது மகளும் எல்ஜினின் ஆட்களால் கொண்டு செல்லப்படவில்லை. நீண்ட காலம் கோயிலின் முகப்பிலேயே இருந்த அச்சிற்பம், காற்று மாசால் சிதையத் தொடங்கியதால் 1976 இல் கீழிறக்கப்பட்டு, தற்போது ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.